எழுபத்து மூன்று பேரை விழுங்கிய வண்டி

"பதினொண்ணு" என்றான் மூக்காண்டி. "அதுக்கு மேல ஒரு ஈ, காக்கா இறங்கலை அண்ணாச்சி. எஞ்சினையும் சேத்துக்கிட்டா பன்னிரண்டு."

1952-ஆம் வருஷம், ஆனி மாதம், ஒரு புதன்கிழமை. தென்காசிப் பக்கமிருந்து வந்த காலை வண்டி சங்கரன்கோவில் ஸ்டேஷனில் தண்ணீர் குடித்துவிட்டு விருதுநகர் திசையில் கிளம்பிக்கொண்டிருந்தது. கேட்டில் நின்ற டிக்கெட் கலெக்டர், வாங்கிய பதினொரு அட்டை டிக்கெட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினார். அதைப் பார்த்து ரயில்வே சர்வே ஆபீசர் கல்யாணராமன் ஏளனமாகச் சிரித்தார்.

ஆபீசர் ரசீதில் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு வாங்கிய தந்திச் சீட்டு அவர் கையில் இருந்தது. கடையநல்லூரிலிருந்து எண்ணிக்கை குமாஸ்தா குருநாதன் அனுப்பியது. கடையநல்லூரை விட்டு வண்டி கிளம்பும்போது அதில் சங்கரன்கோவில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எண்பத்து நாலு பேர் என்று அது சொன்னது.

"போன வாரம் மூன்று நாளும் இதே கதைதான்" என்றார் ஆபீசர். "நடுவில் இருப்பது ஒரே ஸ்டேஷன், பாம்புக்கோவில் சந்தை. அங்கே சங்கரன்கோவில் டிக்கெட்டோடு ஒருத்தரும் இறங்கவில்லை. விசாரித்துவிட்டேன். மீதி எழுபத்து மூன்று பேரை வண்டி விழுங்கிவிட்டதா, மிஸ்டர் சண்முகையா?"

"ஜீரணம் ஆகுததுக்குள்ள கண்டுபிடிச்சிரலாம் ஸார்" என்றான் மூக்காண்டி.

ஆபீசர் அவனை ஒரு பார்வை பார்த்தார். நாடகக் கம்பெனியில் ஆறு வருஷம் பபூன் வேஷம் கட்டியவனுக்கு அந்தப் பார்வையெல்லாம் கைத்தட்டல் மாதிரி. மூக்காண்டி தலை வணங்கி ஏற்றுக்கொண்டான்.

மூக்காண்டியின் முதலாளி துப்பறியும் சண்முகையா பதினொரு அட்டையையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பாளையங்கோட்டையில் துப்பறியும் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் தபால் இலாகாவில் இருந்தவர். 'மேலத் தெருவில் மூக்குத்தி போட்ட அத்தைக்கு' என்று மட்டும் எழுதி வருகிற கடுதாசிக்கெல்லாம் ஊர் கண்டுபிடித்து அனுப்புவதுதான் அங்கே அவர் வேலை. தலைக்கு மேலே வெயில் ஏறும்போதும் அந்தப் பழைய காக்கிக் கோட்டை மட்டும் கழற்றமாட்டார்.

விஷயம் இதுதான். கடையநல்லூர்ப் பக்கத்து நெசவாளிகளும் ஜவுளி வியாபாரிகளும் தினசரி காலையில் சங்கரன்கோவிலுக்கு வருகிறார்கள். வர ஒரு வண்டி உண்டு. சாயங்காலம் திரும்பத் தோதாக வண்டி கிடையாது. நூல் லாரியில் மூட்டைக்கு மேலே தொத்திக்கொண்டு போகவேண்டியதுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இந்த ஊர்களுக்கு மட்டும் தனி வண்டி விட்டால் என்ன என்று ரயில்வே யோசித்தது. தினமும் எழுபது தலையாவது சேர்ந்தால் வண்டி. சேராவிட்டால் அந்தப் பெட்டிகள் வேறு லைனுக்குப் போய்விடும்.

அந்தத் தலைகளை எண்ணத்தான் குருநாதனைத் தற்காலிகமாக வைத்தார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை. குடும்பத்தில் முதல்முதலாகச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனவன் அவன்தான். கடையநல்லூர் ஸ்டேஷனை விட்டு ஒரு அடி நகரக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

"டிக்கெட் விற்றிருக்கிறது. ஆனால் ஆள் ஏறவில்லை" என்றார் ஆபீசர். "ஜவுளி வியாபாரிகள் மொத்தமாக டிக்கெட்டை வாங்கிக் கிழித்துப் போடுகிறார்கள். இந்தக் குமாஸ்தா கூட்டுச் சேர்ந்து பொய்க் கணக்கு எழுதுகிறான். நாளை மத்தியான வண்டிக்கு நான் திருச்சிக்குக் கிளம்புகிறேன். அதற்குள் அந்த எழுபத்து மூன்று பேரை நீங்கள் என் கண்ணில் காட்டவேண்டும். இல்லாவிட்டால் இந்த லைனுக்குப் புது வண்டியும் கிடையாது, அவனுக்கு வேலையும் கிடையாது. போலீஸிலும் எழுதிக் கொடுப்பேன்."

மூக்காண்டிக்கு வாழைப்பழம் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குருநாதன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பாளையங்கோட்டைக்கு வந்து, "எண்ணினதத்தான் எழுதினேன் அண்ணாச்சி, ஒரு தலை கூட்டி எழுதலை, நம்புங்க" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுது முடிப்பதற்குள் மூக்காண்டி ஒன்பது பழம் தின்று முடித்திருந்தான். தின்ன பழத்துக்காவது அந்தப் பயலைக் காப்பாற்றியாக வேண்டும் என்று அவனுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆபீசர் போனதும் சண்முகையா கேட்டார். "ஏலே, இறங்கின பதினொரு பேரும் யார் யாரு?"

"நாகசுரக்காரர் ஒண்ணு, ஒத்து ஒண்ணு, தவுலு ஒண்ணு. கோமதியம்மனுக்கு மொட்டை போட வந்த குடும்பம் அஞ்சு உருப்படி. அம்மை குத்துத இன்ஸ்பெக்டர் ஒருத்தரு. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையும் தரகரும். மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்தா பொண்ணு வீட்ல காப்பி கூடத் தரமாட்டாவ."

"வாடிக்கையா வாரவன் எத்தனை பேரு?"

"ஒருத்தனும் இல்ல. அத்தனை பேரும் எங்கிட்டதான் ஊருக்கு வழி கேட்டாவ. நானே பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் ஆகலை."

"அதாம்ல முதல் துப்பு" என்றார் சண்முகையா. "வழி தெரியாதவன் மட்டும்தான் வாசல் வழியா வந்திருக்கான்."

ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், வண்டி வழியில் எங்கேயாவது நின்றதா என்று கேட்டார். "நிக்கலையே" என்றார் அவர். லெவல் கிராசிங் கேட்மேனைக் கேட்டார். "நிக்கவே நிக்காது" என்றான் அவன். சாமான் ஏற்றுகிற போர்ட்டர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டான், "நிக்கலை ஐயா!"

"மூணு பேரும் ஒரே பாட்டைப் பாடுதானுவ" என்றான் மூக்காண்டி. "ஏன் அண்ணாச்சி, நாளைக் காலையில நாமளே அந்த வண்டியில ஏறி வந்து பாத்தா தீந்துச்சு. இதுக்குப் போயி மண்டையப் போட்டு ஒடைக்கணுமா?"

"கண்ணால பாத்துச் சொல்லுததுக்குப் பேரு சாட்சி. பாக்காமச் சொன்னாத்தான்ல துப்பு. எனக்கு எதுக்குப் பீசு தாரான்?"

"வாழைப்பழம்தான் தந்தான்."

"அதையும் நீதான் தின்னே. நட."

தேரடியில் மருதப்பன் வெற்றிலைக் கடை. சண்முகையா வெற்றிலை கேட்டார். மருதப்பன் காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு டப்பியைத் திறந்தார், ஒரு சின்ன அட்டையால் சுண்ணாம்பை அள்ளி இலையில் இழுகினார். சண்முகையாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"அண்ணாச்சி, அந்த அட்டையக் கொஞ்சம் தாரும்."

"இதுவா? சுண்ணாம்பு தடவ வச்சிருக்கேன். என்னத்துக்கு?"

சுண்ணாம்பைச் சுரண்டினால் உள்ளே கடையநல்லூர் – சங்கரன்கோவில், மூன்றாம் வகுப்பு. போன வாரத்துத் தேதி.

"இது எங்கன கிடைச்சுது?"

மருதப்பன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "கீழ கிடந்துச்சு" என்றார். கடையைச் சாத்துகிற மாதிரிப் பலகையில் கை வைத்தார். காலை பத்து மணிக்குக் கடை சாத்துகிற வெற்றிலைக் கடைக்காரரை மூக்காண்டி அன்றுதான் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க டிக்கெட்டாகவே தெரிந்தது. டீக்கடையில் ஆடுகிற மேஜைக்கு அண்டை கொடுத்திருந்தது டிக்கெட். தறிக்கூடத்தில் தறிக்கால் ஆடாமல் இருக்கச் சொருகியிருந்தது டிக்கெட், ஒரு காலுக்கு நாலு வீதம். நூல்கடைக் கணக்கப்பிள்ளை காது குடைந்துகொண்டிருந்தது டிக்கெட். மூக்காண்டி மத்தியானத்துக்குள் இருபத்தாறு சேர்த்துவிட்டான். காது குடைந்ததை மட்டும் நுனிவிரலால் பிடித்துத் தனியாக வைத்துக்கொண்டான்.

"கிழிச்சுப் போட்டதா ஆபீசர் சொன்னாரு" என்றான். "இந்த ஊர்க்காரன் ஒரு அட்டையையாவது கிழிப்பானா? தேயுறவரைக்கும்லா வேலை வாங்குதான்!"

"டிக்கெட் வந்திருக்கு. டிக்கெட்டு நடந்து வராதுல்லா? ஆளும் வந்திருக்கான்" என்றார் சண்முகையா. "கேட்ல குடுக்காம வந்திருக்கான். அவ்வளவுதான்."

அப்போது தறிக்கூடத்து வாசலில் துண்டு உருமாலோடு ஒருவர் துணிக்கட்டை இறக்கினார். கடையநல்லூர் யாகூப். சட்டைப் பையில் ஒரு அட்டை எட்டிப் பார்த்தது. மூக்காண்டி பபூன் காலத்துப் பழக்கத்தில் தடுக்கி விழுகிற மாதிரி விழுந்து, எழுகிற மாதிரி எழுந்து, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அன்றைய தேதி!

"பாய், இன்னைக்குக் காலை வண்டியிலயா வந்திய?" என்றார் சண்முகையா.

"ஆமா அண்ணாச்சி."

"ஸ்டேஷன்ல உங்கள நாங்க பாக்கலையே?"

"ஸ்டேஷன்ல இறங்கினேன்னு நான் சொன்னேனா?"

"பெறவு எங்கன இறங்கினிய?"

"அல்லா எங்கன இறக்கிவிட்டானோ அங்கன" என்றார் யாகூப். சண்முகையாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் தணிந்தது. "குருநாதன் தம்பிக்காகத்தான் வந்திருக்கியன்னு தெரியும். தங்கமான பிள்ளை. ஆனா நான் வாயத் தெறந்து சொல்லிட்டா, அவன் வேலை நிலைக்கும், இன்னொரு பிள்ளை குட்டிக்காரன் வேலை போயிரும். எஞ்சின்ல நின்னு வேகுதவன் அவன். ஒருத்தன் சோத்துல மண்ணள்ளிப் போட்டு இன்னொருத்தனுக்கு இலை போடச் சொல்லுதியளா? ஊரே வாயக் கட்டிக்கிட்டு இருக்கது அதுக்குத்தான்."

மூக்காண்டியை வாழைப்பழம் ஒரு பக்கம் இழுத்தது, பெயர் தெரியாத டிரைவர் ஒரு பக்கம் இழுத்தான். அவன் சண்முகையாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் உடைமுள் தைத்திருந்த யாகூபின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சின்காரன் பேரை நீங்களே இழுத்து விட்டிய, பாய்" என்றார். "பயப்படாதிய. நான் அவனை விட்டுக் குடுக்கமாட்டேன்."

தெருவில் இறங்கியதும் மூக்காண்டி பொருமினான். "என்ன வழின்னு தெரியாம வாக்குக் குடுத்துட்டிய அண்ணாச்சி. எனக்கா பசி கண்ணக் கட்டுது. இட்லி வாசனை வேற வருது."

"வருதா? எந்தப் பக்கமிருந்து?"

"மேக்க. ஆனா அங்கன ரோடே கிடையாதே?"

"மூக்கு போற பக்கமே போ, நான் பின்னால வாரேன்."

தறிக்கூடங்களைத் தாண்டி, சாயம் போட்ட நூல் காய்கிற பொட்டலைத் தாண்டி, உடைமரக் காட்டு ஓரத்தில் ஒரு ஓலைக் கொட்டகை நின்றது. முத்துமாரியம்மாள் இட்லிக் கடை. கல்யாண வீட்டுக்குப் போடுகிற மாதிரி மூன்று பெரிய இட்லிக் கொப்பரை கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு கொப்பரை மூடியில் மஞ்சளாக ஒரு சொட்டு ஒட்டியிருந்தது. கடையில் ஒரு ஆள் இல்லை.

"மிச்சம் எட்டு இட்லிதான் இருக்குய்யா" என்றாள் அந்த அம்மாள். நாற்பது வயசு இருக்கும், இடுப்பில் சொருகிய சேலையும் கையில் கரண்டியுமாக நின்றாள். "காலையில வந்திருக்கணும். காலை வண்டி வந்து போனாச் சட்டி காலி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூக்காண்டி எட்டையும் இலையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். சண்முகையா சாப்பிடவில்லை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, கடை வாசல் ஊரைப் பாத்து இல்லையே? முதுகு ஊருக்கு, முகம் உடைமரத்துக்கு. முள்ளு வந்து இட்லி திங்குமா?"

"வாஸ்துய்யா" என்றாள்.

"வாஸ்துவாவது ஒண்ணாவது! எந்தப் பக்கமிருந்து ஆள் வருதோ அந்தப் பக்கம்தான் கடைக்காரன் வாசல் வைப்பான்." உடைமரத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று, தார் ரோட்டைப் போலத் தேய்ந்து கிடந்தது. சண்முகையா அதில் நடந்தார். பாதை முடிகிற இடத்தில் ரயில் மேடு. அதன்மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் எதையோ பார்த்தார். குனிந்து ஒரு சின்னப் பாலத்துக் கல்லைப் படித்தார். வருஷம் போட்டிருந்த எதையோ கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு தண்டவாளத்து மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று மூக்காண்டி பயந்துபோனான். ஆனாலும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இறங்கி வந்தவரின் கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது. "ஏலே, திங்கத முடிச்சிட்டு ஸ்டேஷனுக்கு ஓடு. மாஸ்டர்ட்ட நான் கேட்டேன்னு சொல்லி, நாப்பத்தாறாம் வருசத்து உத்தரவுக் கட்டுல இந்த நம்பர் பாலம் சம்பந்தமா உள்ள காயிதத்த வாங்கிட்டு வா."

"என்ன துப்புன்னு சொல்லக்கூடாதா?"

"உனக்கு முகத்துல எல்லாம் எழுதி ஒட்டிரும். ஆனா ஒண்ணு கேளு. வண்டி நிக்கலைன்னு மூணு பேரு சொன்னாவ. வேகமாப் போச்சுன்னு எவனாவது சொன்னானா?"

மூக்காண்டி காகிதத்தை வாங்கி வந்தான். எல்லாம் இங்கிலீஷ். அடியில் ஒரு கையெழுத்து இருந்தது, கோழி கிளறியது மாதிரி. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்முகையா அதைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் படித்தார். மடித்துக் கோட்டுக்குள் வைத்தார்.

அன்று சாயங்காலம் ஆபீசரிடம் போய் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "எப்பவும் நீங்க விருதுநகர் பக்கமிருந்து முதல் வகுப்புல வாரீங்க. நாளைக்கு ஒரு நாள் மேற்கே இருந்து, மூன்றாம் வகுப்பில் வாங்க. எழுபத்து மூன்று பேரும் உங்களுக்கு ஸலாம் போட்டுட்டுப் போவாங்க. போடாவிட்டால் குருநாதனை நானே போலீஸ்ல ஒப்படைக்கிறேன்."

மூக்காண்டி சண்முகையாவின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான்.

வியாழக்கிழமை காலை கடையநல்லூரில் ஏறினார்கள். ஆபீசர் ஜன்னலோரம். எதிரே குருநாதன், மடியில் நோட்டு. இருபத்து நாலு வயசு முகத்தில் ஒரு வாரத்துத் தாடி. எண்ணிய எண்ணிக்கையை எழுதும்போது அவன் பென்சில் இரண்டு தரம் ஒடிந்தது. பெட்டி நிறைய ஜனம். துணிக்கட்டு, தூக்குச்சட்டி, பீடிப்புகை. யாகூப் ஒரு மூலையில் உட்கார்ந்து சண்முகையாவை முறைத்துக்கொண்டே வந்தார். 'வாக்குக் குடுத்தியளே' என்பது அந்த முறைப்பு.

பாம்புக்கோவில் சந்தை தாண்டியது. சங்கரன்கோவில் டிக்கெட்டுக்காரன் ஒருத்தனும் இறங்கவில்லை. கரிசல் காடு ஓடியது. தூரத்தில் சங்கரநாராயணர் கோவில் கோபுரம் தெரிந்தது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு வண்டியின் தாளம் மாறியது. தடதட என்று வந்தது தட... தட... என்று ஆனது. மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். முதலில் தூக்குச்சட்டிகள் இறங்கின. பிறகு துணிக்கட்டுகள் கை மாறி இறங்கின. பிறகு ஆள்கள். அவசரமே இல்லை, தள்ளுமுள்ளே இல்லை. நடக்கிற வேகத்தில் போகிற வண்டியிலிருந்து, வீட்டுப் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொருத்தராகக் கால் வைத்தார்கள். எல்லாப் பெட்டியிலும் அதே காட்சி. உடைமரத்துக்கு அந்தப் பக்கம் மூன்று கொப்பரையும் ஆவி விட்டுக்கொண்டு காத்திருந்தன. ஸ்டேஷனில் இறங்கினால் ஊரைச் சுற்றி ஒரு மைல் நடக்க வேண்டும். இங்கே இறங்கினால் இட்லி, எதிரே தறிக்கூடம்.

"ஸலாம் ஆபீசர்!" என்று சொல்லிவிட்டு யாகூபும் இறங்கிப்போனார்.

குருநாதன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் நீர் வழிந்தது. "அறுபத்து ஒம்பது... எழுபது... ஸார், பாருங்க ஸார், எழுபத்து ஒண்ணு..."

ஆபீசர் முகம் பழுத்த மிளகாய் ஆகிவிட்டது. "அக்கிரமம்! இவர்களுக்காக டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டுகிறானா? இன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்புகிறேன்!" என்று எழுந்து, அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்.

அதுவரை அந்த இடத்தில் நின்றறியாத வண்டி, ஆபீசர் புண்ணியத்தில் முதல்தடவையாக நின்றது.

டிரைவர் இறங்கி ஓடி வந்தான். கரி பூசிய முகம். அவனைப் பார்த்ததும் மேட்டில் நின்ற எழுபத்து மூன்று பேரும் கப்சிப்.

"ஏன்டா மெதுவாகப் போனாய்?" என்று கத்தினார் ஆபீசர்.

"போகாட்டா என் வேலை போயிரும் ஸார்" என்றான் டிரைவர். கையை நீட்டினான். பாலத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகை. கறுப்பில் பெரிய '5', கீழே சின்னதாக '1946'. "அஞ்சு மைல் வேகத்துக்கு மேல போகப்படாதுன்னு பலகை இருக்கே. ஆறு வருசமா இருக்கு ஸார். மீற முடியுமா?"

"பாலத்துக்கு என்ன கேடு? புதுப் பாலம்!"

"ஆமா ஸார், நாப்பத்தெட்டுல புதுசாக் கட்டினதுன்னு கல்லே சொல்லுது" என்றார் சண்முகையா. "அதுக்கு முன்னால இருந்தது ஓட்டைப் பாலம். அப்பப் போட்ட பலகை இது."

"பாலம் கட்டி நாலு வருஷம் ஆகிறது. இன்னும் பலகையை எடுக்காமல் வைத்திருப்பது எந்த முட்டாள்?"

சண்முகையா கோட்டுக்குள் கைவிட்டு, மடித்த காகிதத்தை மிகுந்த மரியாதையோடு நீட்டினார். "உத்தரவு இது ஸார். 'மறு உத்தரவு வரும்வரை மணிக்கு ஐந்து மைல்.' மறு உத்தரவு வரவே இல்லை. அப்போ இந்தப் பகுதிக்கு அசிஸ்டென்ட் இன்ஜினீயரா இருந்தவர் கையெழுத்து அடியில இருக்கு. எனக்குச் சரியாப் படிக்க வரலை. நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லணும்."

ஆபீசர் படித்தார். காகிதத்தைத் திருப்பினார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார். அவருடைய காது மடல் முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. அந்தக் கோழி கிளறிய கையெழுத்தைத்தான் தந்திச் சீட்டு ரசீதிலும் நேற்றுப் பார்த்தோம் என்பது அப்போதுதான் மூக்காண்டிக்கு உறைத்தது.

அடிச்சக்கை! எழுபத்து மூன்று பேரை விழுங்கிய பூதம் இவர்தானா!

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அத்தனை பேரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூக்காண்டி தொண்டையைச் செருமினான். "சங்கிலிய இழுத்தா அபராதம்னு உள்ள எழுதியிருக்கு ஸார். சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்."

"ஏலே, சும்மா கிட" என்றார் சண்முகையா. பிறகு ஆபீசர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "புது வண்டி போகிற வழியில சும்மா நின்னு போக ஹால்ட் எங்கே வைக்கலாம்னு இடம் தேடுறதும் உங்க வேலைதானே ஸார்? ஆறு வருஷம் முன்னாலயே சோதனை பார்க்கத்தான் இந்தப் பலகையை வைத்தேன்னு நீங்க எழுதினா, மறுத்துச் சொல்ல இங்கே ஆள் கிடையாது."

ஆபீசர் மேட்டில் நின்ற ஜனத்தைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். கடைசியில் குருநாதனைப் பார்த்தார்.

"எத்தனை பேர்?"

"எழுபத்து மூணு, ஸார்."

"தப்பு" என்றார் ஆபீசர். குருநாதன் முகம் வெளுத்துவிட்டது. ஆபீசர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் கால் வைத்து, மேட்டில் இறங்கினார். "எழுபத்து நாலு. எழுதிக்கொள்."

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. மேடே சிரித்தது. வண்டி விசிலடித்துவிட்டுப் போய்விட்டது. முத்துமாரியம்மாள் பெஞ்சைத் துடைத்துப் போட்டு, ஆபீசருக்கு முதல் இலை போட்டாள்.

"ஒரு சந்தேகம்" என்றார் ஆபீசர், ஐந்தாவது இட்லியில். "ஆறு வருஷப் பலகை. வெயிலும் மழையும் பட்டுப் பெயிண்ட் உரிந்து போயிருக்க வேண்டுமே. நேற்றுத்தான் அடித்த மாதிரி இருக்கிறதே?"

யாகூப் ஆகாசத்தைப் பார்த்தார். முத்துமாரியம்மாள் கொப்பரை மூடியைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மூக்காண்டி நேற்று அதை மஞ்சள் தூள் என்று நினைத்திருந்தான்.

"ரயில்வே சாமான் தரமானது ஸார்" என்றார் சண்முகையா.

ஆபீசர் கையைக் கழுவிவிட்டு, பையைத் திறந்து, இரண்டு காகிதங்களை எடுத்தார். போலீஸுக்கு எழுதி வைத்திருந்த ஒன்றைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டார். இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுக் குருநாதனிடம் நீட்டினார். அப்படியே உடைமரக் காட்டு ஹால்ட்டுக்கும் நோட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு, மத்தியான வண்டியைப் பிடிக்க ஊருக்குள் நடந்தார்.

குருநாதன் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தான். ஒரு தரம் சிரித்தான். இரண்டாம் தரம் படித்ததும் முகம் சுருங்கியது. சண்முகையாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, இதுல 'மறு உத்தரவு வரும்வரை'ன்னுல்லா போட்டிருக்கு? அப்ப என் வேலை நிரந்தரம் இல்லையா?"

சண்முகையா அந்தத் தாளை வாங்கி, கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். அடியில் கோழி கிளறியிருந்தது. மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"கையெழுத்துப் போட்டது அவருல்லா? மறு உத்தரவா வரப் போவுது! போய் முகச்சவரம் பண்ணுல."